தீர்வைக் கொட்டகை முதல் மோல் வரை: கரைசல்களின் செறிவளவை குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கரைசலின் செறிவு இன்றைய வேதியியல் பாடநூல்களில் ஒரு வரையறையாகவும் அதைத் தொடரும் சில வாய்பாடுகளாகவும் அறிமுகமாகிறது. ஆயின், செறிவை எண்ணால் குறிக்கும் வழக்கம் வேதியியல் கோட்பாட்டிலிருந்து தோன்றவில்லை. உப்பு, சாராயம், வெளுப்புநீர், வெள்ளி நாணயம் ஆகியவற்றின் வணிகத்திலும் அவற்றின்மீது அரசு விதித்த தீர்வையிலுமே அது உருப்பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இருபதாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் எழுந்த செறிவளவைகளை இக்கட்டுரை வரிசைப்படுத்தி, ஒவ்வோர் அலகும் எந்த வினாவுக்கு விடையாக அமைந்தது என்பதை ஆராய்கிறது. அவ்வினாக்களின் தடம் தமிழ்க் கலைச்சொற்களில் பதிந்துள்ள முறையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: செறிவு, போமே பாகை, புரூப், தரம் பார்த்தல், நார்மல் கரைசல், மோல், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

இந்தியாவில் விற்கப்படும் மதுப்புட்டிகள் பலவற்றின் முகப்பில் 42.8 விழுக்காடு என்னும் எண் அச்சிடப்பட்டிருக்கும். 40, 45 போன்ற முழு எண்ணாக அமையாமல் 42.8 என்று அமைந்தது ஏன் என்ற வினாவுக்கு வேதியியலில் விடை இல்லை. அவ்விடை 1816ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய ஒரு தீர்வைச் சட்டத்தில் உள்ளது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் வகுக்கப்பட்ட வரி அளவை இன்றும் நம் ஊர்க் கடைகளில் ஓர் எண்ணாக எஞ்சி நிற்கிறது.

செறிவு என்பது கரைசலில் கரைபொருள் எவ்வளவு உள்ளது என்பதைக் குறிக்கும் அளவு என மாணவர் கற்கின்றனர். இவ்வரையறை சரியானதே. ஆயினும் ‘எவ்வளவு’ என்பதை எடையாலா, பருமனாலா, வினைபுரியும் திறனாலா, துகள்களின் எண்ணிக்கையாலா கணிப்பது என்பதை அது தன்னளவில் தீர்மானிப்பதில்லை. அத்தீர்மானம் கேட்பவரின் தேவையைப் பொறுத்தது. இத்தேவைகள் காலந்தோறும் மாறியதே செறிவளவையின் வரலாறு என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

மிதவை காட்டிய எண்

கரைசலைச் சிதைக்காமல் அதன் வலிமையை அறிய முதலில் கிடைத்த கருவி திரவமானி. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைரீன் நகரத்துச் சைனீசியஸ், அலெக்சாந்திரியாவின் அறிஞர் ஹைபேசியாவுக்கு எழுதிய கடிதமொன்றில், கோடுகள் பொறித்த, அடியில் எடை பொருத்திய குழாய்க் கருவியை விவரித்துள்ளார். நீர்மம் எவ்வளவு கனமானதோ அவ்வளவுக்குக் கருவி மேலே மிதக்கும் என்பதே அதன் தத்துவம்.

இக்கருவியைத் தொழிலுக்குரியதாக்கியவர் பிரெஞ்சு மருந்தாளுநர் அந்துவான் போமே. 1768இல் அவர் வகுத்த அளவுகோலில், நீரினும் கனமான நீர்மங்களுக்குத் தூயநீர் 0 பாகை. 15 பங்கு உப்பை 85 பங்கு நீரில் கரைத்த கரைசல் 15 பாகை. இவ்விரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவைச் சமமாகப் பகுத்து, அதே இடைவெளியை மேலும் நீட்டினால் அளவுகோல் கிடைத்துவிடும். எந்தப் பட்டறையிலும் உப்பும் நீரும் தராசும் கொண்டு இதனைச் செய்துகொள்ள முடியும் என்பதால் இது விரைந்து பரவியது.

தொடக்கத்தில் போமே பாகை ஏறத்தாழ உப்பின் விழுக்காடே ஆகும். ஆனால் அதே கருவியைக் கந்தக அமிலத்தில் மிதக்கவிட்டபோது அப்பொருத்தம் நீங்கியது. வணிகத்தில் 66 பாகை எனப்படும் கந்தக அமிலம் உண்மையில் 93 விழுக்காட்டு அளவிலான அமிலமாகும். திரவமானி அடர்த்தியை மட்டுமே அறியும். கரைந்திருப்பது உப்பா, சர்க்கரையா, அமிலமா என்பதை அறியாது. ஆகவே அடர்த்தியிலிருந்து செறிவைப் பெறுவதற்கு, கரைந்த பொருள் இன்னது என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தனி அட்டவணையும் வேண்டும். வெப்பநிலை மாறினால் அடர்த்தியும் மாறுமாதலால் அதற்கும் திருத்தம் வேண்டும்.

இக்குறைகளுக்கு இடையேயும், பொருள் எது என்பதில் ஐயமில்லாத தொழில்களில் போமே பாகை நிலைத்தது. உப்பளத் தொழில் அதற்குச் சிறந்த சான்று. ஏறத்தாழ 3 பாகையில் உள்ளே வரும் கடல்நீர் பாத்திகளில் வெயிலால் சுண்டி, 25 பாகையை ஒட்டி உப்பாகப் படியத் தொடங்குகிறது. அதற்கு முன்பே ஜிப்சம் பெரும்பாலும் படிந்துவிடுகிறது. 29 பாகையைக் கடந்தால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து உப்பின் தரம் கெடும் என்பதால் எஞ்சிய நீர் வெளியேற்றப்படுகிறது. இங்குத் தொழிலாளி கேட்கும் வினா ஒன்றே: நீரை அடுத்த பாத்திக்குத் திறந்துவிடும் நேரம் வந்துவிட்டதா? அவ்வினாவுக்கு இந்த அலகு போதுமானதாக உள்ளது.

தீர்வையும் சாராயமும்

சாராயத்தின் செறிவை அளக்கும் தேவை அரசின் கருவூலத்திலிருந்து எழுந்தது. நீர் கலந்த சாராயத்துக்கும் வலிய சாராயத்துக்கும் ஒரே தீர்வை விதித்தால் ஒன்று அரசு இழக்கும், அல்லது வணிகர் இழப்பர். சாராயத்தில் நனைத்த வெடிமருந்து தீப்பற்றுகிறதா என்று பார்த்து அதன் வலிமையை மெய்ப்பித்த பழைய வழக்கத்திலிருந்தே ‘புரூப்’, அதாவது ‘மெய்ப்பு’, என்னும் சொல் வந்ததாகக் கூறுவர். இத்தகைய சோதனையைக் கொண்டு சீரான வரி விதிக்க முடியாது.

ஆகவே பிரித்தானிய அரசு இச்சிக்கலை அறிஞர்களிடம் ஒப்படைத்தது. சார்லஸ் பிளாக்டன் 1790இல் அரச கழகத்தின் வெளியீட்டில் தம் அறிக்கையை அளித்தார். ஜார்ஜ் கில்பின் செய்த சோதனைகளின் அடிப்படையில் விரிவான அட்டவணைகள் தொடர்ந்து வெளிவந்தன. சாராயமும் நீரும் கலக்கும்போது பருமன் சுருங்குவதே இதில் இருந்த முதன்மையான இடர்ப்பாடு. 50 மில்லிலிட்டர் தூய எத்தனாலுடன் 50 மில்லிலிட்டர் நீரைச் சேர்த்தால் 100 மில்லிலிட்டர் கிடைப்பதில்லை. ஏறத்தாழ 96 முதல் 97 மில்லிலிட்டரே கிடைக்கும். எனவே அடர்த்தியைக் கொண்டு எளிய கணக்கினால் செறிவைப் பெற இயலாது. ஒவ்வொரு கலவையையும் சோதித்தே அட்டவணையிட வேண்டியிருந்தது.

1816ஆம் ஆண்டுச் சட்டம் பார்த்தலமியு சைக்ஸ் வடிவமைத்த திரவமானியைத் தீர்வைக்குரிய கருவியாக ஏற்றது. இம்முறையில், 51 பாரன்ஹீட் பாகை வெப்பநிலையில் சம பருமனுள்ள வாலைநீரின் எடையில் 13இல் 12 பங்கு எடையுள்ள சாராயமே ‘புரூப்’ சாராயம் எனப்பட்டது. இன்றைய அளவில் அது பருமனால் ஏறத்தாழ 57.1 விழுக்காடு. இதனை 100 பாகை எனக் கொண்டால் 75 பாகைச் சாராயத்தில் 42.8 விழுக்காடு எத்தனால் இருக்கும். முன்னுரையில் சுட்டிய புட்டியின் எண் இவ்வாறு கிடைத்ததே.

காலனியக் கால ஆவணங்களைக் கையாளும் ஆய்வாளருக்கு இச்செய்தி நேரடியாகப் பயன்படும். மதுத் தீர்வை தொடர்பான பதிவுகளில் ‘30 அண்டர் புரூப்’ என்று இருந்தால், அது புரூப் வலிமையில் 70 விழுக்காடு கொண்ட சாராயம், அதாவது பருமனால் ஏறத்தாழ 40 விழுக்காடு எத்தனால் உடையது. அமெரிக்க முறையிலோ புரூப் எண் என்பது விழுக்காட்டின் இருமடங்கு. அம்முறையைக் கொண்டு 70 பாகையைப் படிப்பவர் 35 விழுக்காடு என்ற பிழையான முடிவுக்கு வருவார். தீர்வை வருவாய், நுகர்வு அளவு ஆகியவற்றைப் பற்றிய கணக்குகள் இப்பிழையால் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

வெளுப்புத் துறையும் வினைத்திறனும்

அடர்த்தி காட்டாத ஒன்றைத் துணி வெளுப்போர் அறிய வேண்டியிருந்தது. அவர்கள் பயன்படுத்திய மரச்சாம்பல் காரத்தில் பல உப்புகள் கலந்திருந்தன. அவை எல்லாம் நீரைக் கனமாக்கும். ஆனால் அனைத்தும் அழுக்கை நீக்குவதில்லை. எனவே ‘எவ்வளவு கரைந்திருக்கிறது’ என்ற வினா பின்தள்ளப்பட்டு, ‘கரைந்ததில் எவ்வளவு வேலை செய்யும்’ என்ற வினா முன்னின்றது.

ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் ஹோம் 1756இல் வெளியிட்ட வெளுப்புச் சோதனைகளில் இதற்கு ஒரு வழி கண்டார். காரத்தின் மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தைத் தேக்கரண்டியால் சிறிது சிறிதாக ஊற்றி, நுரைத்தல் நிற்கும் வரை எத்தனை கரண்டி செலவாயிற்று என எண்ணினார். கரண்டிகளின் எண்ணிக்கையே காரத்தின் வலிமை. இன்றைய பருமனறி பகுப்பாய்வின் அடிப்படைக் கருத்து முழுவதும் இத்தேக்கரண்டியில் அடங்கியுள்ளது.

1785இல் பெர்த்தொலே குளோரினின் வெளுக்கும் தன்மையை அறிவித்தபின் தேவை மேலும் கூடியது. குளோரின் நீர் வலிமை மிகுந்தால் துணி இற்றுப்போகும். குறைந்தால் கறை நீங்காது. நெசவு நகரமான ருவானைச் சேர்ந்த தெக்ருவாசீல், கந்தக அமிலத்தில் கரைத்த அவுரி நீலத்தை வெளுப்புநீர் எவ்வளவு நிறமிழக்கச் செய்கிறது என அளக்கும் கருவியை உருவாக்கி 1795இல் அதன் விளக்கத்தை வெளியிட்டார். பெர்த்தொலேயின் பெயராலேயே அதனை வழங்கினார். 1824இல் கே-லூசாக் இம்முறையைச் செம்மைப்படுத்தி, வெளுப்புப்பொருள்களின் வலிமையைக் குளோரின் வாயுவின் பருமனோடு இணைத்தார். நிறம் மறையும் கணமே அளவையின் முடிவுப்புள்ளி ஆயிற்று. வணிகனின் கண்ணுக்கும் வேதியியலாளரின் கண்ணுக்கும் அது ஒன்றே.

நாணயச்சாலையில் பிறந்த சொல்

இவ்வளவை முறை துல்லியத்தின் உச்சத்தை எட்டியது பாரிசு நாணயச்சாலையில். வெள்ளியின் தூய்மையைக் காணப் பழங்காலம் முதல் வழங்கியது, எலும்புச் சாம்பலால் ஆன மூசையில் ஈயத்துடன் சேர்த்து உருக்கும் முறை. அம்முறையில் வெள்ளியின் ஒரு சிறு பகுதி இழக்கப்படுவதால், முடிவு ஆயிரத்துக்குச் சில பங்கு குறைவாகவே வருகிறது என்பது 1830ஐ ஒட்டித் தெளிவாயிற்று. ஆயிரத்துக்கு 900 எனச் சான்றளிக்கப்பட்ட நாணயத்தில் உண்மையில் அதனினும் கூடுதலான வெள்ளி இருந்தது. அவ்வேறுபாட்டின் பயன் நாணயத்தை உருக்கிப் பிரிப்போரைச் சேர்ந்தது.

இக்குறையை நீக்கக் கே-லூசாக் வகுத்த முறை 1832இல் வெளியிடப்பட்டது. நைட்ரிக் அமிலத்தில் கரைத்த வெள்ளியுடன் உப்புக்கரைசலைச் சேர்த்தால் வெள்ளி குளோரைடு வெண்ணிற வீழ்படிவாக இறங்கும். 100 கன சென்டிமீட்டர் சரியாக 1 கிராம் வெள்ளியை வீழ்படியச் செய்யுமாறு அவர் ஓர் உப்புக்கரைசலைத் தயாரித்து அதற்கு ‘நார்மல்’ கரைசல் எனப் பெயரிட்டார். அதனைப் பத்து மடங்கு நீர்த்த இரண்டாம் கரைசலின் ஒவ்வொரு கன சென்டிமீட்டரும் 1 மில்லிகிராம் வெள்ளிக்கு ஈடு. முதற்கரைசலைச் சேர்த்துக் குலுக்கித் தெளியவிட்டபின், இரண்டாம் கரைசலைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, புதிய கலங்கல் தோன்றாத நிலை வரை எண்ணினால் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை விடை கிடைத்துவிடும்.

பிரெஞ்சு மொழியில் ‘தீத்ர்’ என்னும் சொல் பொன், வெள்ளி ஆகியவற்றின் மாற்றைக் குறிப்பது. கரைசலின் வலிமையைக் காணும் செயலுக்கு அம்மொழியில் வழங்கும் பெயரும், ஆங்கிலத்தின் ‘டைட்ரேஷன்’ என்பதும் இதன் வழிவந்தவையே. பொன்னின் மாற்றுக் காணும் சொல்லே கரைசலின் மாற்றுக் காணவும் பயன்பட்டது.

சமானமும் அதன் எல்லையும்

கே-லூசாக்கின் கரைசல் வெள்ளிக்கு மட்டுமே உரியது. காரத்துக்கு ஒன்று, குளோரினுக்கு ஒன்று எனத் தனித்தனி அளவைகள் பெருகின. இவற்றை ஒரே அடிப்படையில் இணைத்த பெருமை ஜெர்மானிய மருந்தாளுநர் பிரீட்ரிக் மோருக்கு உரியது. 1855இல் வெளிவந்த தம் பகுப்பாய்வு நூலில் அவர், ஒரு லிட்டரில் ஒரு கிராம் சமான எடை கரைபொருள் உள்ளதையே நார்மல் கரைசல் எனக் கொண்டார். அமிலமும் காரமும் ஒரே நார்மல் அளவில் இருந்தால் அவற்றின் சம பருமன்கள் ஒன்றையொன்று முழுமையாக நடுநிலையாக்கும். பெருக்கல் வகுத்தல் இன்றி ஆய்வகப் பணி நடைபெற இது வழிசெய்தது.

இங்கு ஒரு சொல்லின் பொருள்மாற்றம் நோக்கத்தக்கது. 1832இன் நார்மல் உப்புக்கரைசலில் லிட்டருக்கு ஏறத்தாழ 5.42 கிராம் உப்பு உண்டு. 1855இன் நார்மல் உப்புக்கரைசலில் லிட்டருக்கு ஏறத்தாழ 58.4 கிராம். ஒரே பெயர், ஒரே பொருள். ஆயினும் செறிவு ஏறத்தாழ பதினொரு மடங்கு வேறுபடுகிறது. பழைய ஆய்வுக் குறிப்புகளைப் படிப்போர் சொல்லை மட்டும் நம்பினால் நேரும் இடர் இது.

அணு எடைகள் குறித்து உடன்பாடு இல்லாத காலத்தில் சமான எடை பாதுகாப்பான புகலிடமாக இருந்தது. நீரின் வாய்பாடு எது என்பதிலேயே கருத்து வேறுபாடு நிலவியது. 1860இல் கார்ல்ஸ்ரூ மாநாட்டுக்குப் பின்னரே அணு எடைகள் படிப்படியாக நிலைபெற்றன. சமானமோ வாய்பாட்டைச் சாராமல், சோதனையில் கண்ட ஈட்டை மட்டுமே சார்ந்தது.

அதன் வலிமையே அதன் குறையும் ஆயிற்று. ஈடு என்பது எந்த வினைக்கு என்பதைப் பொறுத்தது. லிட்டருக்கு 0.1 மோல் பொட்டாசியம் பெர்மாங்கனேட் உள்ள கரைசல் அமில ஊடகத்தில் 0.5 நார்மல், நடுநிலை ஊடகத்தில் 0.3 நார்மல். புட்டியில் உள்ள கரைசல் மாறவில்லை. அதனிடம் கேட்கப்படும் வேலை மாறியுள்ளது. வினையைக் குறிப்பிடாமல் புட்டியின் மேல் நார்மல் அளவை மட்டும் எழுதுவது முழுமையற்ற கூற்றாகும். இன்று பன்னாட்டு வேதியியல் அமைப்பு இவ்வலகை ஊக்குவிக்காமைக்குக் காரணம் இதுவே.

துகள்களை எண்ணுதல்

1880களில் வினா மீண்டும் மாறியது. கரைசலின் உறைநிலை இறக்கம் குறித்த ரவூலின் சோதனைகளும், நீர்த்த கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தம் வாயு விதிகளைப் பின்பற்றுகிறது என்ற வான்ட் ஹாஃபின் முடிவும், கரைபொருள் எது என்பதைவிடத் துகள்கள் எத்தனை என்பதே இப்பண்புகளைத் தீர்மானிக்கிறது எனக் காட்டின. உப்பு போன்றவை எதிர்பார்த்ததினும் மிகுந்த விளைவைத் தந்தமைக்கு, அவை நீரில் அயனிகளாகப் பிரிகின்றன என 1887இல் அர்ஹீனியஸ் விளக்கமளித்தார்.

இச்சூழலில்தான் 1890களில் ஆஸ்ட்வால்ட் ‘மோல்’ என்னும் அலகைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். லிட்டர் கரைசலுக்கு இத்தனை மோல் என்பது மோலார் செறிவு. பருமன் வெப்பத்தால் விரிவதால், உறைநிலை, கொதிநிலை ஆய்வுகளுக்கு ஒரு கிலோகிராம் கரைப்பானுக்கு இத்தனை மோல் எனக் கூறும் மோலால் செறிவு பொருத்தமாயிற்று. மிக நீர்த்த ஹைட்ரஜன் அயனிச் செறிவுகளைக் கையாள, கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்த சோரன்சன் 1909இல் பி.எச். அளவை வகுத்தார். மதுவடித்தலோடு தொடர்புடைய ஆய்வகம் ஒன்றிலேயே இதுவும் பிறந்தது.

1971இல் மோல் பன்னாட்டு அலகு முறையின் அடிப்படை அலகாக ஏற்கப்பட்டது. 2019 மே 20 முதல் அது 6.02214076 × 10²³ துகள்கள் என்ற நிலையான எண்ணால் வரையறுக்கப்படுகிறது. தேக்கரண்டியை எண்ணிய ஹோமின் செயலும் மூலக்கூறுகளை எண்ணும் இன்றைய வரையறையும் ஒரே மரபின் இரு முனைகள்.

தமிழ்க் கலைச்சொற்களில் வரலாற்றின் தடம்

‘செறிவு’ தமிழில் புதிய ஆக்கமன்று. தண்டியலங்காரம் கூறும் பத்துக் குணங்களுள் முதலாவது செறிவு. நெகிழ்ச்சியின்றி இறுகிய தொடரமைப்பை அது குறிக்கும். குறிப்பிட்ட இடத்தில் பொருள் நெருங்கி நிற்றல் என்ற கருத்து இரு துறைக்கும் பொது. அடர்த்தி, செறிவு என்ற இரு சொற்களும் பொதுவழக்கில் நெருங்கிய பொருளுடையன. கலைச்சொற்களாக அவை பிரிக்கப்பட்டிருப்பது தேவையானதே. திரவமானி அளப்பது அடர்த்தி, அட்டவணை தருவது செறிவு என்பதை மேலே கண்டோம். ஆயினும் தமிழகப் பாடநூல்களில் வழங்கும் ‘அடர் அமிலம்’ என்னும் தொடர் இப்பிரிவினையை மங்கச் செய்கிறது. இலங்கை வழக்கில் உள்ள ‘செறிந்த அமிலம்’ அதனைக் காக்கிறது.

டைட்ரேஷன் என்பதற்குத் தமிழகம் ‘தரம் பார்த்தல்’ என்றும், இலங்கை ‘நியமிப்பு’ என்றும் வழங்குகின்றன. இவற்றுள் எது சரி என்ற விவாதத்துக்கு மேலே கண்ட வரலாறு புதிய ஒளி தருகிறது. தரம் பார்த்தல் என்பது நாணயச்சாலையின் மாற்றுக் காணுதலை நினைவூட்டும். பிரெஞ்சுச் சொல்லின் வேர்ப்பொருளுக்கு அது நெருக்கமானது. நியமிப்பு என்பது நியமம், அதாவது அளவுக்குரிய ஒழுங்கு, என்பதைச் சார்ந்தது. நார்மல் என்பதன் வேராகிய இலத்தீன் ‘நார்மா’ தச்சரின் மூலைமட்டத்தைக் குறிக்கும் சொல்லாதலால், மோர் வகுத்த பொது ஒழுங்குக்கு அது நெருக்கமானது. ஒன்று சோதிக்கப்படும் பொருளை நோக்கி நிற்கிறது. மற்றொன்று சோதிக்கும் கரைசலை நோக்கி நிற்கிறது. இரு வழக்குகளும் ஒரே செயலின் இரு பக்கங்களைப் பெயரிட்டுள்ளன எனலாம்.

முடிவுரை

உப்பளத்தின் பாகை, தீர்வைச் சட்டத்தின் புரூப், வெளுப்போரின் குளோரின் அளவு, நாணயச்சாலையின் நார்மல், ஆய்வகத்தின் மோல் ஆகியவை முறையே கனம், வரி, வேலை, ஈடு, எண்ணிக்கை என்னும் ஐந்து வினாக்களுக்கு விடைகளாக எழுந்தன. பின்வந்தது முன்னிருந்ததை முற்றிலும் நீக்கிவிடவில்லை. உப்பளத்தில் மோலுக்கு வேலையில்லை; நொதி ஆய்வில் பாகைக்கு இடமில்லை.

இதிலிருந்து இரு பயன்கள் பெறப்படுகின்றன. வரலாற்று ஆவணங்களில் காணப்படும் செறிவு எண்களை இன்றைய அலகுக்கு மாற்றுமுன், அவ்வெண் எந்த வினாவுக்கு, எந்த நாட்டு வழக்கில், எந்த வெப்பநிலையில் கூறப்பட்டது என்பதை ஆய்வாளர் உறுதிசெய்தல் வேண்டும். வகுப்பறையில் மோலாரிட்டி, மோலாலிட்டி, நார்மாலிட்டி ஆகியவற்றை மனப்பாட வாய்பாடுகளாக அடுக்குவதற்கு முன், ஒவ்வொன்றும் எதை அறிய விரும்பியவர்களால் உருவாக்கப்பட்டது என்பதை ஆசிரியர் ஒரு சொல்லேனும் கூறுதல் நலம். வினாவை அறிந்த மாணவர் விடையின் அலகை மறப்பதில்லை.